மாமனாரின் தார்ப்பாய்

என் பெட்டியில், கழற்றி வைத்த தோட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே ஒரு பித்தளை வளையம் கிடக்கிறது. தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோக்கப் பதித்திருப்பார்களே, அந்த வளையம். பேத்திகள் எடுத்து, "அம்மாச்சி, இது தங்கமா?" என்று கேட்பார்கள். தங்கம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் போவதற்குச் சில வருஷம் முன்பு, உத்தமபாளையம் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போனேன். எங்கள் வீடும் தோட்டமும் ஆற்றுக்கு ஒரு கரையில். ஊரும் மருத்துவச்சியும் மறு கரையில். பாலம் கிடையாது. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்துவிடலாம். ஐப்பசியில் ஆறு பெருகினால் மாமனாரின் சின்னப் படகுதான் கதி. மற்ற மாதங்களில் அது பூவரச மரத்தடியில் இரண்டு கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் தென்னங்கிடுகு போட்டுத்தான் மூடுவார். கிடுகில் கரையான் ஏறியதும் போடிக் கடைத்தெருவுக்குப் போய்த் தார்ப்பாய் வாங்கினார். கடையிலேயே அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கடைக்காரர் சாப்பிட்டுத் திரும்பும்வரை நின்றாராம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதற்கு நடந்த உபசாரம் எங்கள் யாருக்கும் நடந்ததில்லை. வாரந்தோறும் ஈரத்துணியால் துடைப்பார். தையலில் தேன்மெழுகை உருக்கித் தேய்ப்பார். வெயிலில் வெளுத்துவிடும் என்று தார்ப்பாய்க்கு மேலே மறுபடியும் கிடுகு போட்டார். கோழி ஏறினால் கோழிக்கும் திட்டு, அதை வளர்த்த மாமியாருக்கும் திட்டு. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. மருமகள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கமில்லை, சரி. வாசலில் நின்றாவது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அதைக்கூடக் கேட்கவில்லை. நான் தார்ப்பாய்மீதே பொறாமைப்பட்டேன்.

காற்றுப் புகாமல் அதை இறுக்கிக் கட்டுவார். சூடு ஆறாத சோற்றை மூடி வைத்தால் என்னாகும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"மாமா, உள்ள வேர்க்காதா? கொஞ்சம் காத்துப் போகட்டுமே."

"அது என்ன தொட்டில்ல கெடக்குற பிள்ளையா ஆத்தா, காத்து விட?"

அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதால் படகு ஆற்றில் இறங்கவே இல்லை. அவர் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்க்கவும் இல்லை.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. எனக்கு எட்டு மாதம். வீட்டுக்காரர் தேனிக்குப் போயிருந்தார். மத்தியானம் வலி கண்டது, ரத்தமும் பட்டது. மாமியார் முகம் வெளுத்துவிட்டது. "இங்கன வச்சுப் பாக்க முடியாது. அங்கன மருத்துவச்சிகிட்டப் போயாகணும்" என்றார். அவர் என்னைத் தாங்கிப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டி வர, மாமனார் ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். குப்பென்று அழுகல் வாடை. அடிப்பலகை பூஞ்சை பிடித்து, விரலை வைத்தால் உள்ளே போனது. தார்ப்பாய் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

"பாயைப் பாத்தாக, படகைப் பாத்தாகளா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

மாமனார் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். தார்ப்பாயைத் தரையில் விரித்தார். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரோடு படகைத் தூக்கி அதன்மேல் வைத்து, நாலு பக்கமும் மேலே இழுத்து விளிம்பில் மடித்து, ஆணி அடித்தார். கோழி நகம் படக்கூடாது என்றிருந்த பாயில் அவரே வரிசையாக ஆணி அடித்துக்கொண்டு போனார். இழுத்த இழுப்பில் ஒரு வளையம் பிய்ந்து என் காலடியில் உருண்டது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அதை எடுத்து இறுக்கிக்கொண்டேன்.

ஆட்கள் துடுப்புப் போட்டார்கள். கசிந்த தண்ணீரை மாமியார் செம்பால் இறைத்துக்கொண்டே வந்தார். நடு ஆற்றில் படகு சுழன்றபோது நான் அலறினேன். மாமனார் என் தலையில் கையை வைத்தார்.

"என் தப்பு ஆத்தா. பயப்படாத, கரை சேத்துருவேன்."

சேர்த்துவிட்டார். சாயங்காலம் மகள் பிறந்தாள். அடுத்த வருஷம் புதுப்படகுக்கு மூங்கில் முகடு வைத்து, இரண்டு முனையும் திறந்த கிடுகுக் கூரை போட்டார். வாரம் ஒருமுறை உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார்.

அந்த மகள் இப்போது தேனியில் கார் வைத்திருக்கிறாள், அதற்கு உறையும் போட்டிருக்கிறாள். போகும்போதெல்லாம் உறையைத் தூக்கிப் பார்க்கிறேன். "உள்ள என்னம்மா தேடுற?" என்று சிரிக்கிறாள். அவள் பிறந்த பிறகு மருத்துவச்சி என் விரல்களைப் பிரித்துத்தான் இந்த வளையத்தை எடுத்தாள். உள்ளங்கையில் பதிந்திருந்த வட்டம் நாலைந்து நாளில் மறைந்துவிட்டது. என் தலையில் இருந்த கையின் கனம் மட்டும் இன்றுவரை இறங்கவில்லை.