பொட்டு வைக்கத் தெரிந்த டர்னர்

இன்று காலை வள்ளியூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன்.

பட்டறை அண்ணாச்சி என் ஐடிஐ சான்றிதழை வாங்கிப் பார்த்தார். லேத் ஓட்டும் டர்னர் பிரிவு, இரண்டு வருடப் படிப்பு, முதல் வகுப்பு.

"மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த லேத்தைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டும்மா" என்றார்.

லேத்தின் எல்லாப் பாகமும் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு படம் வரைவேன். ரெக்கார்டு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'குட்' வாங்கியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் ஐடிஐ லேத்தின் மோட்டார் நாங்கள் சேருவதற்கு முன்பே எரிந்துபோயிருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் தார்ப்பாயை எடுப்போம். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, போட்டோ எடுத்துவிட்டு மறுபடியும் மூடிவிடுவோம்.

இன்றும் என் கை அதைத்தான் செய்தது. பக்கத்தில் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்து லேத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"என்னம்மா செய்யுதே?"

உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உன்னைச் சொல்லி என்ன செய்ய?" என்று சான்றிதழைப் பையத் திருப்பிக் கொடுத்தார். "போன வாரம் உங்க ஐடிஐல இருந்து வந்த பயலும் இப்படித்தான் தொடச்சுட்டு நின்னான்."

திரும்பி வரும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். நம்ம ஐடிஐ செட்டில் யாராவது நிஜமாகவே லேத் ஓட்டியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

ஆன் பண்ணுகிற சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கும்?