நத்தார் மேசைக்கு ஒரு ஹாம் கசரோல்

எனக்கு எதற்கும் பயம். பஸ் பிந்தினால் வராதோ என்று பயம். வந்தால், ஏறியது சரியான பஸ்தானா என்று பயம். அடுப்படிக்குள் போனால் மட்டும் கை தன் பாட்டில் வேலை செய்யும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து சமைக்கிறேன். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புப் போட்டது கிடையாது. சாமிக்குப் படைத்த பிறகே சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவள் நான். படைக்கும் முன் ருசி பார்க்க விடமாட்டார்கள். கறி கொதிக்கிற வாசனையிலேயே உப்புக் காணுமா, குறைவா என்று சொல்லிவிடுவேன்.

போன நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, அந்த மூக்கு என்னைக் கைவிடப் பார்த்தது.

மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையோரம் போர்த்துக்கீசர் வழி வந்த ஒரு பறங்கி அன்ரி வீட்டில் எட்டு வருடமாகச் சமைக்கிறேன். பழுகாமத்திலிருந்து காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புவேன். வருடம் முழுக்கச் சோறு கறி என்னுடைய பொறுப்பு. நத்தார்ப் பகல் சாப்பாட்டை மட்டும் அன்ரியே செய்வார். நான் மரக்கறி வெட்டிக் கொடுப்பேன். இந்த முறை காய்ச்சல் வந்து போனதில் அவருக்கு விரல் மடங்கவில்லை. நாக்கிலும் ருசி இல்லாமல் போயிற்று. கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த மகன், "வீண் கரைச்சல் அம்மா. ஹோட்டல்ல சொல்லுவம். பதினொரு மணிக்குள்ள ஓடர் குடுத்தாக் காணும்," என்றார்.

"இந்த வீட்டு நத்தார் மேசைக்கு வெளிச் சாப்பாடு வந்ததில்ல. இவ செய்வா," என்று அன்ரி என்னைக் காட்டினார்.

ஒரு முறை ஹோட்டல் பெட்டி மேசையில் ஏறினால் அடுத்த வருடமும் அதுதான் ஏறும். அந்த மேசைக்கு நான் சமைக்கிற நாள் பிறகு வராது.

நத்தாரன்று நல்ல மழை. பஸ் பிந்தி, நான் போய்ச் சேர ஒன்பதே முக்கால். கோழியும் சலட்டும் முதல் நாளே ஆயத்தம். மிச்சம் பன்றித் துண்டும் மரக்கறியும் போட்டுச் சுடுகிற ஹாம் கசரோல் ஒன்றுதான். அன்ரி குசினி வாசலில் கதிரை போட்டு, பழைய சமையற்குறிப்புக் கொப்பியை மடியில் விரித்து வாசித்தார்.

"இது அவசரத்துக்குச் செய்யிற சாமான் புள்ள. பயப்பிடாத."

உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி மூன்றையும் அரை அவியலில் இறக்கினேன். லீக்ஸ் தண்டைப் பட்டரில் வதக்கி, மாவைத் தூவி, பாலை ஊற்றிக் கட்டிபடாமல் கிண்டினேன். அதுவரைக்கும் கை தன் பாட்டில் ஓடியது.

"உப்பு ஒரு தேக்கரண்டி," என்று அன்ரி வாசித்தார்.

கரண்டியை எடுத்தவள் அப்படியே நின்றேன். பாலும் பட்டரும் கொதிக்கிற வாசனையில் என் மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஹாமில் எவ்வளவு உப்பு? நான் பன்றி சாப்பிட்டதே இல்லை. அதோடு திருவெம்பாவை விரதம் தொடங்கியிருந்தது. கை தொடலாம், வாய் மீனைக்கூடத் தொடாது. அன்ரிக்கு நாக்கு இல்லை. மகனைக் கூப்பிட்டு ருசி கேட்டால் அவர் ஹோட்டலுக்குச் சொல்லப் போனைத்தான் எடுப்பார்.

அந்த நேரம் பார்த்துச் சோடாப் போத்தல்களைக் கொண்டுவந்து இறக்கினான் காத்தான்குடி முஸ்லிம் ஆட்டோக்காரத் தம்பி. கையில் ஹாம் துண்டோடு நின்ற நான், பதற்றத்தில், "தம்பி, இதில உப்பு எப்பிடி எண்டு..." என்று தொடங்கிவிட்டேன்.

"நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டீங்க அக்கா!" என்று சிரித்துக்கொண்டே மழைக்குள் ஓடினான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூளை கொஞ்சம் வேலை செய்தது. ஹாமைப் பிடித்த விரல்கள் காய்ந்து இறுகியிருந்தன. கருவாடு கழுவுகிற நாளில் கை இப்படித்தான் இறுகும். இரண்டு துண்டைச் சின்னத் தாச்சிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். துண்டுகளை எடுத்துவிட்டுத் தண்ணீரை வற்ற விட்டேன். தாச்சியின் ஓரம் சுற்றிவர வெள்ளையாகப் படிந்தது.

உப்புக் கரண்டியைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டேன்.

"உப்புப் போட்டயா புள்ள?"

"இல்ல அன்ரி. போடப் போறதும் இல்ல."

"கொப்பியில ஒரு கரண்டி எண்டு கிடக்கே."

"கொப்பி எழுதின காலத்து ஹாம் வேற அன்ரி. இது கருவாடு மாதிரிக் கிடக்கு. பட்டரிலயும் சீஸிலயும் வேற உப்பு."

"நீ திண்டு பாத்தயா?"

"தாச்சியப் பாத்தன்."

மகன் எட்டிப் பார்த்தார். "மணி பத்தே முக்கால். ஓடர் குடுக்கவா அம்மா?"

அன்ரி தாச்சியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "நீ போய் மேசையத் துடை மகன்," என்றார்.

கிழங்கைத் தட்டின் அடியில் பரப்பி, மேலே மற்ற மரக்கறி, பிய்த்த ஹாம், பால் குழம்பு. அதற்கு மேல் துருவிய சீஸும் பாண் ரொட்டித் தூளும். அவண் அடுப்புக்குள் தள்ளி இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஏழெட்டுத் தடவை கதவைத் திறந்திருப்பேன்.

"துறந்து துறந்து பாத்தா அது எப்பிடி வேகும்?" என்று அன்ரி ஏசினார்.

பதினொரு மணி தாண்டிவிட்டது. இனி ஹோட்டலும் இல்லை. மேல்புறம் பொன்னிறமாகி, ஓரங்களில் குமிழி விட்டதும் இறக்கினேன்.

மேசையில் மகன்தான் முதலில் எடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். உப்புக் குப்பிக்குக் கை போனது. அவர் சலட்டில் இருந்த முட்டைக்கு உப்பைத் தூவிவிட்டு, கசரோலில் மறுபடி கரண்டியைப் போட்டார்.

"அம்மா, ஒவ்வொரு வருசமும் இதத் திண்டுட்டு ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணி குடிப்பமே. இந்த முற தாகமே இல்ல!"

"என்னட்டக் கேக்காத. எனக்கு நாக்கு இல்ல. செஞ்சவவக் கேளு," என்றார் அன்ரி. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

மகன் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "வாற கிழமை வருசப் பிறப்புக்கும் ஹோட்டல் வேணாம் தம்பி. எத்தின பேர் எண்டு மட்டும் இப்பவே சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். "பதினாலு பேர் அக்கா."

"அப்ப இந்தத் தட்டுக் காணாது," என்றேன். "ரெண்டு தட்டாச் செய்வம்."