குரைப்படி

நாங்கள் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் தெருவில் எல்லாரும் சொல்தா என்பார்கள். சிரிக்காத முகம். எனக்கு அவரிடம் பேசவே கூச்சம்.

ஒருநாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து சொன்னார்.

“யம்மா, நேத்து நம்ம வூட்டு குரைப்படி ரெண்டு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள், “தலைதட்டி ஒண்ணர படி” என்றார். எங்கள் நாய் குரைப்பதை அரிசி அளக்கிற மாதிரி அளக்கிறார் என்று அப்போதுதான் பிடிபட்டது. வேடிக்கை என்றால் சிரிக்க வேண்டாமா? புகார் என்றால் திட்ட வேண்டாமா? அவர் இரண்டும் செய்யவில்லை.

“அத்த, இன்னும் கொஞ்ச நாள்ல வூட்ட காலி பண்ணச் சொல்லுவாரு பாருங்க. நாய எங்கனா அனுப்பிடுங்க” என்றாள் மருமகள்.

“தமாஷ் பண்றாரும்மா” என்றான் மகன்.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. கண் திறக்காத குட்டியிலிருந்து நான் வளர்த்த நாய். ஆனாலும் ஒருநாள், “குமிச்சு மூணு படி” என்று அவர் சொன்னதும் பயந்துவிட்டேன். மகன் ஆட்டோ பிடித்துப் போய், கனகசெட்டிக்குளத்தில் மகள் வீட்டில் அதை விட்டுவிட்டு வந்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சொல்தா இறங்கி எங்கள் வாசலுக்கே வந்தார்.

“படி காலியா கெடக்குது. நாய்க்கு ஒடம்பு சரியில்லியா?”

“மக வூட்டுக்கு அனுப்பிட்டோங்க.”

“எதுக்கு?”

“நீங்க அளந்தீங்களே.”

“அளந்தா அனுப்பிடுவியா? எனக்குக் காது மந்தம்மா. கதவத் தட்டுனா கேக்காது. இது குரைச்சாத்தான் யாரோ வராங்கன்னு எட்டிப் பாப்பேன். மூணு படின்னா எவ்ளோ நல்ல நாளு. போய் இட்டாந்துடு.”

சாயங்காலமே நாய் வந்துவிட்டது. குழப்பந்தான் போகவில்லை. அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நாய் குரைப்பதெல்லாம் மதில்மேல் உட்காரும் காக்காயைப் பார்த்துத்தான். காக்காய் கரைந்தால் ஆள் வரும் என்பார்கள். இது அந்தக் காக்காயையே விரட்டிவிடுகிறது.

இன்று காலையிலும் குரைத்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா வந்தது?”

சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் துடைப்பத்தோடு நின்றேன். கொஞ்ச நேரம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அரப்படி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.