சூரியன் மறைவதற்குள் ஆர்ப்பாக்கம்

1970 பிப்ரவரி 14, சனிக்கிழமை. காலை 6.20-க்குக் காஞ்சிபுரத்தில் எங்கள் கல்லூரி விடுதி வாசலிலிருந்து இரண்டு சைக்கிள்களில் புறப்பட்டோம். முந்தைய மாலையே வாடகைக்கு எடுத்து வைத்தவை. நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய். என் சைக்கிளுக்கு மணி இருந்தது, பிரேக் அரைகுறை. என் வகுப்புத் தோழன் நேமிநாதனின் சைக்கிளுக்குப் பிரேக் இருந்தது, மணி இல்லை. ஆகவே வளைவுகளில் நான் மணியடிக்க, அவன் முன்னால் போவது என்று ஏற்பாடு.

நான் மலேசியாவில் தைப்பிங் நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். புகுமுக வகுப்பை இங்கே படிக்கட்டும் என்று அப்பா ஓராண்டுக்கு அனுப்பி வைத்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் பாடம். சனி, ஞாயிறு ஊர் சுற்றல். டிசம்பரில் தாமல் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்ததை மூன்று மணி நேரம் நின்று பார்த்தேன். அப்படிப்பட்ட சனிக்கிழமைகளில் இது இருபத்தோராவது. இந்த முறை பயணம் முடியும் இடம் நேமியின் வீடு. ஆர்ப்பாக்கத்தில் பயிர்த்தொழில் செய்யும் சமணக் குடும்பம் அவனுடையது.

புறப்படும்போதே நேமி ஒரு நிபந்தனை போட்டான்.

"மலேயா, நல்லா கேட்டுக்க. இன்னிக்கு அஷ்டமி. அம்மா ஒரு வேளதான் சாப்புடும். அதுவும் பொழுது சாயறதுக்குள்ள. இருட்டிட்டா தண்ணிகூட வாயில படாது, நாளைக்குக் காலையிலதான்."

"அம்மாவை முன்னாலேயே சாப்பிடச் சொல்லிவிட வேண்டியதுதானே? எனக்கு எது கிடைத்தாலும் போதும்."

"நீ சாப்புடறது இல்லபா விஷயம். வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குப் போடாம அம்மா சாப்புடாது. நாலு மணிக்கு அங்க இருக்கணும். நீ லேட்டு பண்ணா, நேத்து சாயங்காலம் சாப்ட்டது நாளைக்குக் காலை வரைக்கும் பட்டினி."

சரி என்றேன். அதன் பொருள் முழுவதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நெசவாளர் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். தெருவின் நீளத்துக்கும் பட்டு இழைகள் இளவெயிலில் அரக்குச் சிவப்பாக நீண்டு கிடந்தன. "எறங்கித் தள்ளிக்கினு போங்கபா, ஒரு இழ அறுந்துச்சுன்னா உங்களதான் முடி போட வெப்பேன்" என்றார் கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர். இறங்கித் தள்ளினோம். 7.50-க்கு வாலாஜாபாத்தில் தோசையும் டீயும். 9.05-க்குப் பழைய சீவரம். அங்கிருந்து பாலாற்று மணல். நடு ஆற்றில் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓடை மட்டும் தெளிவாக ஓடியது. மற்ற இடமெல்லாம் சைக்கிளை நாங்கள் சுமந்தோம். எதிரே சுமையோடு வந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்னாபா, வண்டிக்குக் கால் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

10.20-க்குத் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடம். கோயில் சுவரில் சோழர் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் படித்த நாளிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு மருத்துவசாலையும் மாணவர்களுக்கு ஒரு விடுதியும் இருந்திருக்கின்றன. மாணவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவில் படிக்க விளக்கு, சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய் எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

"எண்ணெயா? தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடியேவா?" என்றான் நேமி. "நம்ம ஹாஸ்டல்ல தோசைக்கே ஊத்த மாட்டேங்கறான்."

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு வரியில் ஐந்து எழுத்து பிடிபட்டால் அடுத்த பத்து பிடிபடாது. பிடிபட்டதையெல்லாம் நோட்டில் எழுதினேன். நேமி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான், என் பங்கை என் கையில் திணித்தான், தூணோரம் தூங்கினான், எழுந்தான். ஒரு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஒரு மணிக்கு, "இந்த வரி முடியட்டும்" என்றேன். அந்த வரி முடிந்தபோது 2.45.

செய்யாற்றை ஒட்டிய வண்டித் தடம். மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. மாகறலை அடையும்போது 4.35. அங்கே பழைய சிவன் கோயில். அதன் விமானம் பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகு போல இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அஞ்சே நிமிஷம், நேமி."

"உன் அஞ்சு நிமிஷம் எவ்ளோ நீளம்னு திருமுக்கூடல்லயே பார்த்துட்டேன்."

ஆனாலும் விட்டான். யானையின் முதுகைச் சுற்றி வந்தேன். உண்மையிலேயே யானைதான். இன்னொரு சுற்று வந்து, கோட்டுப்படம் ஒன்று வரைந்தேன். தலை நிமிர்ந்தால் கோயில் நிழல் குளம் வரை போயிருந்தது. மணி 5.15. நேமி சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நேற்று மாலை முதல் ஓர் அம்மாள் எனக்காகப் பட்டினியாக இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நான்கு கிலோமீட்டர் மணல் தடத்தை எப்படி மிதித்தோம் என்பதற்குக் குறிப்பு இல்லை. நோட்டில் நான் நிமிடம் எழுதாத ஒரே பகுதி அது.

5.44-க்கு ஆர்ப்பாக்கம். நேமியின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மெலிந்த உருவம், கணீரென்ற குரல். அப்பா வந்தவாசிக்கு நெல் விற்கும் வேலையாகப் போயிருந்தார்.

"வாப்பா, வா. கைகால் கழுவிக்கினு உக்காரு. இலை போட்டு எவ்ளோ நேரமாவுது தெரியுமா?"

உட்கார்ந்தோம். சோறு, நெய், துவரம்பருப்பு, மோர்க்குழம்பு, அப்பளம், வெல்லப் பாயசம். வெங்காயம், கிழங்கு அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. அஷ்டமியாதலால் பச்சைக் காய்கறியும் இல்லை. அப்படியும் அவ்வளவு ருசியாக நான் அந்த ஆண்டில் சாப்பிட்டதில்லை. ஆனால் ருசித்துச் சாப்பிட முடியவில்லை. நான் முடிக்காமல் அவர் உட்கார மாட்டார். நான் முடிக்கவும் அவர் விட மாட்டார்.

"போதும்மா."

"இன்னாபா போதும்? கடல் தாண்டி வந்த புள்ள. இன்னும் ரெண்டு கரண்டி."

"எம்மா, அவன வுடும்மா! வெளியில வெளிச்சம் போவுது!" என்றான் நேமி, வாய் நிறையச் சோற்றோடு.

"லேட்டா வந்தவன் நீ. எனக்குச் சொல்றியா?"

"நானா? இவன்தாம்மா! கல்லுல இருக்கற எழுத்த ஒவ்வொண்ணா எண்ணிக்கினு இருந்தான். டீ குடிச்ச நிமிஷத்தக்கூட நோட்டுல எழுதறான்மா இவன்!"

இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாத வீடு அது. ஆகவே மூச்சு விடாமல் விழுங்கினேன். 5.58-க்கு இலையை மடித்து எழுந்தேன். அவர் கொல்லைக் கதவை விரியத் திறந்துவிட்டுத் தமக்குத் தட்டு வைத்துக்கொண்டார். வெளியே பார்த்தார். கொல்லைக்கு அப்பால் பனைமரங்கள். சூரியன் அவற்றின் பின்னால் போய்விட்டிருந்தது.

"ஆச்சு" என்று தட்டைத் தள்ளினார்.

"ஆவலம்மா! மரத்துக்குப் பின்னாலதான் இருக்குது, போவல!" நேமி கொல்லைக்குப் பாய்ந்து வைக்கோல் போரின் மேல் ஏறினான். புது வைக்கோல், இடுப்பு வரை புதைந்தான். "தெரியுதும்மா! முழுசா இருக்குது!"

"போன மழைக்காலத்துல இதே மாதிரி இருக்குது இருக்குதுன்னு சொல்லி என்னை ஏமாத்துனவன்தான நீ? உன் பேச்சு வேணாம். டீ குடிச்ச நிமிஷத்த எழுதுற புள்ள ஏறிப் பார்த்துச் சொல்லட்டும்."

நான் ஏறினேன். கழுத்துக்குள்ளும் சட்டைக்குள்ளும் வைக்கோல் குத்தியது. உச்சியில் நின்றால் பனைகளின் தலைக்கு மேலே மேற்கு அடிவானம் தெரிந்தது. செம்பு நிறத்தில் சூரியன், முழுமையாக.

"முழுசா இருக்குதும்மா! ஆறு மணி ரெண்டு நிமிஷம்!"

அவர் முதல் கவளத்தை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். "இன்னாபா, ஏலம் வுடுறியா?" என்று ஒரு குரல் கேட்டது. நான் விடாமல் அறிவித்துக்கொண்டிருந்தேன். ஆறு நான்கு, முழுசு. ஆறு ஆறு, முழுசு.

ஆறு ஏழுக்கு அது ஒரு மேகத்துக்குள் நுழைந்தது.

"இருக்குதா?" என்றார்.

நேமி என் கெண்டைக்காலைக் கிள்ளினான். இருக்கிறது என்று சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஆனால் அவர் நம்பி ஏற்றிவிட்டது என்னை.

"தெரியலம்மா. மேகம் மறைக்குது."

அவர் கை நின்றது. வேலியோரச் சிரிப்பும் நின்றது. நேமி என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் சிநேகம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மேகத்தின் அடிவிளிம்பு பொன்னாகியது. பிறகு அதன் கீழே மெல்லிய சிவப்புக் கோடு. கோடு பருத்து வட்டமானது.

"இருக்குது! வெளியே வந்துடுச்சு! முக்கால்வாசி இருக்குதும்மா! ஆறு ஒன்பது!"

வேலியோரம் கைதட்டினார்கள். அவர் மோரை ஊற்றிக்கொண்டு மளமளவென்று சாப்பிட்டார். மேலிருந்து நான் சூரியனின் அளவைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி. கால். நகம் அளவு. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து, தட்டைக் கழுவி, கையைத் துடைத்தபடி அவர் கொல்லைப்படியில் வந்து நின்றபோது நான் "போயிடுச்சு" என்றேன். 6.13.

"நல்லாதான் கணக்கு சொல்ற" என்றார் அண்ணாந்து பார்த்து. "அடுத்த தடவ நாலு மணிக்கு வந்து, எத்தன அப்பளம் போட்டேன்னு எண்ணு."

நேமி சிரித்த சிரிப்பில் போர் சரிந்து, இருவரும் வைக்கோலோடு தரைக்கு வந்து சேர்ந்தோம்.

எங்கள் தைப்பிங்கில் பொழுது சாய்ந்த பிறகுதான் சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பே எரியும். மழை ஓயாத ஊர் அது. சூரியன் எப்போது மறைந்தது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஏப்ரல் 29, புதன்கிழமை, தேர்வுகள் முடிந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினேன். மாலைச் சாப்பாட்டுக்கு மணியடித்ததும் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு மேல்தளத்துக்கு வந்தேன். நகரத்துக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. ஆர்ப்பாக்கம் அங்கிருந்து நேர் மேற்கே இல்லாவிட்டாலும் மேற்கேதான். நான் கணக்கிட்ட வரையில், அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக வெளிச்சம் இருந்தது.