பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தேழு வயது. இன்றைய பாட்டு என்றால் அவருக்கு உயிர். போன மாதம் வந்த பாட்டையே பழசு என்பார். பல் தேய்க்கும்போது கேட்பார், ஷூ மாட்டும்போது கேட்பார், குளிக்கும்போது வாளியைக் கவிழ்த்துத் தாளம் போடுவார்.

அத்தைக்கு அதே பாட்டுகள் ஆகவே ஆகாது. "தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்கு. பல்லு கூசுது" என்பார். புதுப்பாட்டில் ஒரு வகையை மட்டும் பொறுத்துக்கொள்வார்: ஒரே குரல், துணைக்கு ஒரு கிடார், அவ்வளவுதான். கீழே வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் பெரியவரோ, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகும் பாட்டுகளின் ரசிகர். "இவனுங்கதான் மனசுல இருக்கறத ஒளிக்காம திட்டுறானுங்க" என்பார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டால் லிஃப்ட் இரண்டு முறை வந்து போகும். யாரும் ஏற மாட்டார்கள்.

பள்ளி முடிந்து, தேர்வு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் மாமா வீட்டில்தான் இருந்தேன். ஆறாவது மாடி. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அவர்களுக்குப் பாட்டுத் தேடிப் போட்டுக்கொடுப்பதுதான் என் ஒரே வேலை.

அந்த நாட்களில் எங்கே போனாலும் ஒரே பாட்டு ஒலித்தது. அதன் தொடக்கத்தில் பன்னிரண்டு விநாடிகளுக்கு மணியோசை மட்டும் வரும். மிக உச்ச சுருதியில், நூல் மாதிரி மெல்லிசாக. அதற்குப் பிறகுதான் டிரம்ஸ் இடிக்கும், குரல் வரும். மாமாவுக்கு உயிரான பாட்டு.

"போடேன் வாயாடி, என்ன போனையே பாத்துட்டு நிக்கற?"

"போட்டாச்சு மாமா."

"எங்க போட்ட? இன்னும் ஆரம்பிக்கலையே?" அவர் கேட்டு முடிப்பதற்குள் டிரம்ஸ் இடிக்கும். "ஆங், இப்பப் போட்ட!"

முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை சந்தேகம் வந்தது. ஏனென்றால் அதே வாரம் அத்தை இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நம்ம லிஃப்ட் கீச்சு கீச்சுன்னு கத்துது. பாருங்களேன்."

"உனக்குப் பாட்டும் கீச்சு, லிஃப்டும் கீச்சு. நேத்துதான் மேல போய்ப் பாத்தேன். பூனைக்குட்டி மாதிரி அமைதியா ஓடுது."

அது அமைதியாக ஓடவில்லை. எனக்கும் கேட்டது. நான்காவது மாடியைத் தாண்டும்போது மேலேயிருந்து ஒரு கீச்சொலி தொடங்கும். ஆறாவது மாடியில் நின்றதும் அடங்கும்.

மாமாவின் வேலையில் பாதி, காதுதான். மோட்டார் அறையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு வருடாந்திரப் படிவத்தை நிரப்புவார். அதில் ஒரு வரி: 'வழக்கத்துக்கு மாறான சத்தம்: உண்டு / இல்லை.' எங்கள் கட்டடத்தின் படிவம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. திங்கட்கிழமை அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளி போனது. சனி போனது. நான் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது? உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று, காதை வைத்துப் பிழைக்கும் மனிதரிடம்? ஒவ்வொரு முறை லிஃப்டில் ஏறும்போதும் நான்காவது மாடி வருவதற்குள் மேலே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். வாட்ச்மேன் பெரியவரின் பேத்தி அதில் விளையாட்டுக்காக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு படியில் போக ஆரம்பித்தேன். அவளைப் படியில் போகச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. இதுதான் என்னை அதிகமாக அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"ஒரு விளையாட்டு. ரெண்டு பேரும் கண்ண மூடிக்கங்க. பாட்டு கேட்டதும் விரலத் தூக்கணும்."

"ஜெயிச்சா என்ன தருவ?" என்றார் மாமா.

"முதல்ல ஜெயிங்க" என்றார் அத்தை.

போட்டேன். அத்தையின் விரல் உடனே எழுந்தது. முகமும் சுளித்தது. "ஐயோ, இதா? வேற பாட்டே கெடைக்கலையா உனக்கு?"

மாமா கண்ணை மூடிச் சிரித்தபடியே இருந்தார். ஐந்து விநாடி. ஆறு. பிறகு ஒரு கண்ணைத் திறந்து அத்தையின் விரலைப் பார்த்தார்.

"ஏமாத்தாத. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு! காதுல பஞ்சு வச்சிருக்கீங்களா?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை. அப்போது டிரம்ஸ் இடித்தது.

அவர் எழுந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். தானே முதலிலிருந்து போட்டார். வலது காதில் வைத்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து, இடது காதில். மூன்றாம் முறை காதில் வைக்காமல் திரையில் விநாடிகள் ஓடுவதை மட்டும் பார்த்தார்.

"பன்னெண்டு செகண்டா?"

"ஆமா மாமா."

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"ஒரு வாரமா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அத்தையைத்தான் பார்த்தார். "லிஃப்ட் நெஜமாவே கத்துதா?"

அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்தார். "பத்து நாளாச் சொல்றேங்க."

மாமா கருவிப் பெட்டியை எடுத்தார். "ரெண்டு பேரும் வாங்க."

மொட்டை மாடியிலிருந்து மோட்டார் அறைக்கு ஓர் இரும்பு ஏணி போகும். அத்தை அதன் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். "இதுலயா? நான் என்ன குரங்கா?" முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். நான் கீழே வந்து லிஃப்டை ஆறு மாடிக்கும் ஓட்டிக்காட்டிவிட்டுத் திரும்பினேன். உள்ளே அத்தையின் கை நீண்டிருந்தது. மோட்டாரை நோக்கி அல்ல. வடம் திரும்பும் சின்னச் சக்கரத்தை நோக்கி. "அங்க. அதுதான். பாட்டுல வர மாதிரியே."

மாமா நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். என்னை மறுபடி கீழே அனுப்பி லிஃப்டை ஓட்டச் சொன்னார். பிறகு அத்தை சொன்னதுதான்: முனையைச் சக்கரத்தின் இரும்புக் கூட்டில் ஊன்றி, அதிர்வு தெரிவதற்காகப் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு நின்றாராம். "அரைக்குது" என்றாராம். "நல்லாவே அரைக்குது."

நான் திரும்பி வந்தபோது கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த பேரிங் இன்னும் ரெண்டு மாசம் ஓடும். அதுக்கப்புறம் இறுகிக்கும். மாத்திடலாம். இது இல்ல விஷயம்." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இந்த மாசம் பதினோரு கட்டடத்துக்கு 'இல்லை'ன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு பிரசவ ஆஸ்பத்திரி."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார் அத்தை.

"இன்னிக்கு வரைக்கும் ஆகல."

"சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்களா?"

"ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்கு. என்ன செய்வாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தார். 'உண்டு' என்பதை அழுத்தமாக வட்டமிட்டார். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் 'என் மனைவி' என்று எழுதினார். பிறகு கீழே போய் லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிட்டு, அங்கேயே நின்று மேலதிகாரிக்கு போன் செய்தார். பதினோரு கட்டடங்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, வேறு ஆளை அனுப்பிக் கேட்கச் சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போல. "எனக்குக் கேக்கல சார்" என்றார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். காதுப் பரிசோதனை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள்.

புதன்கிழமை பரிசோதனை. கண்ணாடிப் பெட்டி போன்ற ஒரு சிறிய அறையில் மாமாவை உட்காரவைத்து, காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்; சுருதி ஏறிக்கொண்டே போகும். முதலில் அவர் கட்டைவிரல் அடிக்கடி அசைந்தது. போகப்போகக் குறைந்தது. பிறகு அசையவே இல்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டைத் தாண்டியும் அசையவில்லை.

முடிவை நேராக அலுவலகத்துக்கு அனுப்புவார்களாம். காதுக் கருவியோடு வேலை தருவார்களா, மேசை வேலையா, ஒன்றுமில்லையா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பதினோரு கட்டடங்களில் நான்கைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்கள். மாமா போனைச் சட்டைப்பையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

வீடு திரும்பியபோது எங்கள் லிஃப்டுக்குப் புது பேரிங் இன்னும் வந்திருக்கவில்லை. "என்ன, லிஃப்ட்காரர் வீட்டுக்கே படிதானா?" என்றார் வாட்ச்மேன் பெரியவர். ஏறினோம். நான்காவது மாடியில் மாமா நின்று மூச்சு வாங்கினார்.

"ஏய், அந்தப் பாட்டோட ஆரம்பம். அது எப்படி இருக்கும்?"

அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"தூரத்துல யாரோ சாவிக்கொத்த ஆட்டுற மாதிரி. விடாம. சின்னச் சின்ன சாவியா."

"நல்லா இருக்கா?"

"எனக்குப் பிடிக்கல. பல்லு கூசுது."

"உன்ன யாரு பிடிச்சிருக்கான்னு கேட்டா? எப்படி இருக்கும்னுதான் கேட்டேன்."

"அதான் சொன்னேனே, சாவி."

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். போன் அடிக்கிறதா என்று ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு, ஐந்தாவது மாடிக்குக் காலை எடுத்து வைத்தார்.