வலிக்குதா என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறாள்

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் என் பரத மாணவி கவிதாவை பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். பதினான்கு வயது. அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார் பிசியோ.

கவிதா என்னைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். கால் மட்டும் துள்ளியது.

"எப்போலேருந்து?"

மறுபடியும் என்னைப் பார்த்தாள். "போன வாரம்."

"போன வாரம் வந்த வலி இப்படி இருக்காது லா. எந்தத் தரையில ஆடுறீங்க?"

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஷாப்லாட்ல, கடைக்கு மேல் மாடி. டைல்ஸ்."

"சத்தம் கேக்கல, இன்னும் ஓங்கித் தட்டு" என்று அந்த டைல்ஸ் மேல் நான் கத்தாத சனிக்கிழமையே இல்லை. யாராவது வலிக்கிறது என்றால், "அப்போ பின்வரிசைக்குப் போ" என்பேன். அரங்கேற்ற நேரத்தில் எல்லா டீச்சரும் சொல்வதுதானே என்று நினைத்திருந்தேன்.

பிசியோ ஐஸ் எடுக்க உள்ளே போனதும் கவிதா மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், தீபாவளிக்கு முன்னாலேருந்தே வலிக்குதுன்னு சொல்லலாமா?"

"சொல்லும்மா" என்றேன்.

ஆறு வாரம் ஆடக்கூடாதாம். அரங்கேற்றத்தைத் தள்ளி வைத்தாயிற்று.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மரத்தரை போட்ட ஹால் வாடகைக்கு இருந்தால் சொல்லுங்கள். வலிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். ஹால்கூடக் கிடைத்துவிடும் போலிருக்கிறது.