முகம் தெரியாத வீட்டில் சொன்ன சம்மதம்

டயாலிசிஸ் ஊசி ஏற்றக் கையில் இனி நல்ல நரம்பு இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள். என் மனைவி ஜெஸி தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றாள். அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் கூடாது என்றார்கள். இனி மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடையதுதான் வரவேண்டும். அரசுப் பதிவில் என் பெயர் காத்திருந்தது. துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் மற்றவர்களைக் காக்கவைத்தவன் நான். வரிசை எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும்.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் உருகி ஜெபித்தார்: "ஆண்டவரே, அண்ணாச்சிக்குச் சீக்கிரம் ஒரு கிட்னி தாரும்!"

"அதைக் கடையிலயா விக்காங்க, உபதேசியாரே? ஒருத்தன் சாவணும்லா. யாருன்னும் சேத்துச் சொல்லிருங்க, ஆண்டவருக்குச் சோலி மிச்சம்" என்றேன்.

உபதேசியார் அவசரமாக ஆமென் சொல்லி முடித்தார். அதன்பின் பல நாள் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. கேட்டால் இன்னொருவன் சாவு. கேட்காவிட்டால் என் சாவு.

ஜெஸிதான் சண்டைக்கு வந்தாள். "நீங்க கேட்டா சாவு வருது? ரோட்டுல தெனமும் அடிபட்டு விழுதாங்க. அந்த வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கவங்ககிட்டதான் டாக்டர் வந்து கேப்பாரு. அவங்க சரின்னு சொல்லணும். அந்த மனசை அவங்களுக்குத் தாரும்னு கேளுங்க. இதைக் கேக்கக் கூடாதுன்னு ஒங்க ஆபீஸ்ல ரூல் இருக்கா?"

இல்லை. அன்றுமுதல் அதையே கேட்டேன். அந்த வீட்டைத் தாங்கும் என்றும் கேட்டேன்.

ஊரே ஆலயத்தில் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை முடிந்த வாரம் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஓடினோம். பரிசோதனையில் பொருந்தவில்லை, வரிசையில் இருந்த வேறொருவருக்குப் போனது. ஊர் திரும்பினோம். லெந்து என்னும் தவக்காலத்தில் மறுபடி அழைத்தார்கள். இந்த முறை பொருந்தியது. கண் விழித்தபோது கட்டிலோரப் பையில் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்தோத்திரம் என்றேன். அப்புறம் அழுதேன். எங்கோ ஒரு வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். யாரென்று சொல்லக்கூடாது என்பது விதி.

நன்றியாகச் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கையின் காரணத்தை ஆலயத்தில் வாசிப்பது எங்கள் வழக்கம். துக்க வீட்டாருக்கான ஜெபத்தில் அந்த முகம் தெரியாத குடும்பத்தையும் சேர்க்கச் சொன்னேன்.

"பேரு இல்லாம எப்படி வாசிக்க, அண்ணாச்சி?" என்றார் உபதேசியார்.

"அப்படியே வாசியும். போக வேண்டிய இடத்துக்குப் போகும்."

வாசித்தார்.

உயிருள்ளவரை மாத்திரை உண்டு. தவறினால் உடம்பு இந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். ஆனாலும் வாழ்கிறேன். நானும் ஜெஸியும் உறுப்புதானத்துக்குப் பதிவு செய்தோம். பதிவு மட்டும் போதாது, வீட்டாரைத்தான் கேட்பார்கள். மகனை உட்காரவைத்துச் சொன்னோம்.

"இதெல்லாம் இப்ப எதுக்குப்பா?" என்று முகம் சுளித்தான்.

நாங்கள் சாகக் கிடக்கையில் டாக்டர் வந்து கேட்டால் அவனுக்குப் பேச்சு வராது. அதனால்தான் இப்போது.

பிரியமானவர்களே, கர்த்தரை நம்பிக் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் இன்றே சொல்லிவையுங்கள். உங்கள் வீட்டாரின் சம்மதத்துக்காக யாரோ ஒருவர் முழங்காலில் நிற்கிறார்.